‘ஒருவகைப் பறவை’

தமிழ் மாணவராகிய நாம் பறவைகளை நன்கறிந்தவர் போலப் பெருமை கொள்கின்றோம். அன்றில், மகன்றில், கணந்துள், குருகு என்று பெயர்களை அடுக்கிக் கூறவும் வல்லோம். ஆயின், அப்பெயர்களுக்கு நேரே நம் குறிப்பேடுகளில் எழுதியிருப்பது யாது? பெரும்பாலும் ‘ஒருவகைப் பறவை’ என்பதே. அதனையே விடையாக எழுதித் தேர்விலும் வெற்றி பெறுகின்றோம். இதனைக் கல்வி என்று கூற என் மனம் ஒருப்படவில்லை.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பர் இருவருடன் ஆனைமலைத் தொடரிலுள்ள டாப்சிலிப்புக்குச் சென்றிருந்தேன். முற்காலத்தில் வெட்டிய தேக்குமரங்களை மலைமேலிருந்து சரித்துவிட்ட இடமாதலின் அப்பெயர் வந்தது. 1976-ஆம் ஆண்டில் ஆனைமலைக் காடு வனவிலங்குப் புகலிடமாக்கப்பட்டது. அக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவர் வழிகாட்ட, விடியற்காலையில் ஒற்றையடிப்பாதையே நடந்தோம். புதரினின்றும் ஈரசைச் சீழ்க்கை ஒன்று எழுந்தது. “தமிழ் படிக்கும் தம்பிமாரே, இஃது என்ன பறவை?” என்றார் பெரியவர். மூவரும் வாய்திறவாது நின்றோம். “ஆறுமணிக்குருவி” என்று கூறி அவர் முறுவலித்தார்.

அப்பறவை பனிக்காலத்தில் இமயமலைச் சாரலினின்றும் தென்னாட்டிற்கு வருவது. விடியலிலும் அந்தியிலும் தவறாது கூவுவது. மணி எண்ணும் வழக்கம் பரவிய பின்னரே இப்பெயர் தோன்றியிருத்தல் வேண்டும். எனவே, நிகண்டு கல்லாத மக்களே இதனைச் செவியாற் கேட்டு இட்டனர் என்பது தெளிவு. தமிழின் பெயரிடும் ஆற்றல் இன்னும் குன்றவில்லை. நம் செவிதான் மந்தமாயிற்று.

சிறிது தொலைவு சென்றதும், தலைக்குமேல் பெருங்காற்று வீசினாற்போன்ற சிறகொலி கேட்டது. இருவாய்ச்சி பறந்தது. அலகின்மேல் மற்றோர் அலகு வைத்தாற்போன்ற புடைப்பு உடைமையால் அஃது இருவாய்ச்சி எனப்பட்டது. அதன் பெடை முதுமரப் பொந்தினுட் புகுந்து, சிறு பிளவொன்று எஞ்ச வாயிலை அடைத்துக்கொள்ளும். சேவல் அப்பிளவின் வழியே அத்தி முதலிய பழங்களை ஊட்டும். முதுமரம் வீழின் இருவாய்ச்சிக்கு மனையில்லை. பறவை ஒழிந்தபின் அதன் பெயர் அகராதியில் மட்டும் கிடக்கும். அப்பொழுது நம் பின்னோரும் ‘ஒருவகைப் பறவை’ என்றே உரையெழுதுவர்.

‘இது விலங்கியல் மாணவர்க்குரிய வேலையன்றோ?’ எனச் சிலர் வினவலாம். பத்மாவதி சரித்திரம் இயற்றிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996) பறவைகளையும் விலங்குகளையும் நேரிற் கண்டு தமிழிலும் கட்டுரைகள் வரைந்தார். இரண்டும் ஒருவர்க்கே கைகூடும் என்பதற்கு அவரே சான்று.

ஆதலின் யான் வேண்டுவன இரண்டு. பருவத்திற்கு ஒருமுறையேனும் நம் தமிழ் மாணவர், முறைப்படி அனுமதி பெற்று, வழிகாட்டியுடன் காட்டுவழி நடத்தல் வேண்டும். ஆரவாரமின்றி நடத்தல் வேண்டும். நூலகத்தில் ஏடொன்று வைத்து, தத்தம் ஊரில் வழங்கும் பறவைப் பெயர்களை, ஊரும் அடையாளமும் குறித்து, மாணவர் எழுதிவருதல் வேண்டும். பழைய மாணவரும் தாம் அறிந்தவற்றை எழுதியனுப்பலாம். செலவு ஓர் ஏட்டின் விலையே. என் ஊரில் பாட்டியார் கூறும் பெயர்கள் பதினொன்றை முதற் பக்கத்திற்கென எழுதி வைத்துள்ளேன்; ஆசிரியப் பெருமக்கள் இசைவளிப்பாராக.