ஏழு ஒலிபெருக்கியும் இரண்டு காதும்

கணினிக்கு ஒரு ஹெட்போன் வாங்கப் போகும் பெற்றோரின் காதில் கடையில் முதலில் விழும் சொல் இப்போது "செவன் பொயின்ட் வன்" என்பதுதான். பெட்டியின் முன்பக்கத்தில் 7.1 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதன் கீழே 'சரவுண்ட் சவுண்ட்' என்று இருக்கும். காதுமூடியைச் சுற்றி நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும். அதே கடையில் அந்த எண் இல்லாத ஹெட்போன் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் "பிள்ளை ஏ.எல். படிக்குது, ஒன்லைன் கிளாஸ் இருக்கு" என்று ஒரு வாப்பா சொன்னதும், கடைக்காரர் எடுத்து மேசையில் வைப்பது எண் உள்ள பெட்டியைத்தான். படிப்புக்கு என்றால் எங்கள் பெற்றோர் பேரம் பேசத் தயங்குவார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற மாணவிகளில் பெரும்பாலோருக்கு அந்த 7.1 தேவையில்லை. அதே பணத்துக்கு, காதில் நன்றாகப் பொருந்துகிற, நாம் பேசினால் மறுபக்கத்தில் தெளிவாகக் கேட்கிற ஒன்றை வாங்கலாம். ஏன் என்று சொல்ல, அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

7.1 என்பது ஓர் அறைக்கு உரிய கணக்கு. முன்னால் மூன்று, இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று, பின்னால் இரண்டு என ஏழு ஒலிபெருக்கிகள். அந்த '.1' என்பது இடி, வெடி போன்ற தாழ்ந்த மீடிறன் ஒலிகளுக்கு மட்டுமான பெரிய ஒலிபெருக்கி. நடுவில் நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருப்பார். இந்த ஏற்பாட்டை ஒரு காதுமூடிக்குள் எப்படி அடைப்பது? அநேகமான ஹெட்போன்களில் அடைப்பதே இல்லை. பிரித்துப் பார்த்தால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று 40 அல்லது 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரண்டே இரண்டு ஒலிபெருக்கிகள்தாம் இருக்கும். மற்றவை எல்லாம் மென்பொருள் செய்யும் கணக்கு. ஒவ்வொரு காதுமூடிக்குள்ளும் சின்னச் சின்னதாய்ப் பல ஒலிபெருக்கிகளை வைத்துச் செய்தவையும் உண்டு. அவை குறைவு. பாரமும் கூட. அவற்றிலும் 'பின்' ஒலிபெருக்கி என்பது காதிலிருந்து சில சென்ரிமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது, அறையின் பின்சுவரில் இல்லை.

அப்படியானால் இது ஏமாற்று வேலையா? இல்லை. இங்கேதான் விடயம் சுவாரசியமாகிறது. எமக்கு இருப்பதும் இரண்டே காதுகள். அந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் பின்னால் வரும் முச்சக்கர வண்டியையும், மேலே போகும் விமானத்தையும், அடுப்படியிலிருந்து கூப்பிடும் உம்மாவையும் திசை பிரித்து அறிகிறோம். எப்படி? ஒலியின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். வலப்பக்கம் இருந்து வரும் ஒலி வலக்காதை அடைந்த பிறகு இடக்காதை அடையத் தலையைச் சுற்றி இன்னும் 20 சென்ரிமீற்றர் அளவு போக வேண்டும். 0.2ஐ 340ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஆறு பங்கு. அவ்வளவு சிறிய தாமதத்தை மூளை கவனிக்கிறது. இன்னும் நுட்பமாக, ஒரு செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட மனிதக் காதுகளால் உணர முடியும் என்று கண்டிருக்கிறார்கள். பௌதிகவியல் பாடத்தில் அலைகள் அலகைப் படித்தபோது எனக்கு இந்த எண் கிடைத்திருந்தால், அந்த அலகை இன்னும் விரும்பிப் படித்திருப்பேன்.

உயர் மீடிறன் ஒலிகளுக்கு இன்னொரு வழி உண்டு. தலை அவற்றை மறைத்து மறுபக்கத்தில் ஒரு 'நிழலை' உண்டாக்குகிறது. ஆகவே ஒரு காதில் ஒலி சற்றுக் குறைவாகக் கேட்கும். தாழ்ந்த ஒலிகளுக்கு நேர வித்தியாசம், உயர்ந்த ஒலிகளுக்கு அளவு வித்தியாசம் என்ற இந்த விளக்கத்தை ரேலி பிரபு 1907ஆம் ஆண்டு தந்தார்.

ஆனால் இந்த இரண்டும் இடம், வலம் பிரிக்க மட்டுமே போதும். நேர் முன்னாலிருந்து வரும் ஒலியும் நேர் பின்னாலிருந்து வரும் ஒலியும் இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் அடைகின்றன. அவற்றைப் பிரித்தறிய உதவுவது செவிச்சோணையின் மடிப்புகள். அந்த மடிப்புகளில் பட்டுத் தெறிக்கும்போது திசைக்குத் திசை ஒலி சற்று மாறுகிறது. அந்த மாற்றத்தைக் குழந்தைப் பருவம் முதல் மூளை பழகிவைத்திருக்கிறது. அத்துடன் சந்தேகம் வந்தால் நாம் தலையைத் திருப்புகிறோம். ஹெட்போனில் தலையைத் திருப்பினால் ஒலியும் கூடவே திரும்புகிறது. எனவே அந்த உதவியும் இல்லை.

சரவுண்ட் மென்பொருள் செய்வது இந்த மடிப்புகளின் வேலையைக் கணக்கிட்டு ஒலியோடு சேர்ப்பதுதான். யாருடைய மடிப்புகள்? அங்கேதான் சிக்கல். கைரேகைபோல் காதும் ஆளுக்கு ஆள் வேறு. நிறுவனமோ ஒரு மாதிரிக் காதின் அளவை எடுத்து எல்லோருக்கும் கொடுக்கிறது. ஒரே அளவில் தைத்த அபாயாவை ஒரு வகுப்பு முழுவதற்கும் கொடுத்தால் எப்படி இருக்கும்? சிலருக்கு அச்சொட்டாகப் பொருந்தும். சிலர் தடுக்கி விழுவார்கள்.

இதைச் சோதித்துப் பார்த்தேன். சாச்சியின் மகனிடம் 7.1 ஹெட்போன் ஒன்று இருக்கிறது. அதை இரண்டு நாள் இரவல் வாங்கினேன். கணினியின் ஒலி அமைப்புக்குள் ஒவ்வொரு ஒலிபெருக்கியாகச் சோதிக்கும் வசதி உண்டு. தம்பி விரும்பிய திசையை அழுத்த வேண்டும், நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திசையைக் கையால் காட்ட வேண்டும். இடம், வலம் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. முன், பின் என்று வந்தபோது பாதிக்கு மேற்பட்ட தடவைகள் என்னால் பிரிக்க முடியவில்லை. நடு ஒலிபெருக்கி முன்னால் இருப்பதாகத் தோன்றவே இல்லை. என் நெற்றிக்குள் இருந்து பேசியது. பிறகு தம்பியின் முறை. அதே ஹெட்போன், அதே ஒலி. அவன் பின்பக்கத்தை என்னைவிட நன்றாகக் காட்டினான். இருவரும் ஒரே உம்மாவின் பிள்ளைகள், காதுகள் வேறு. ஆகவே "என் நண்பருக்கு நல்லா வேலை செய்யுது" என்பது ஹெட்போன் விடயத்தில் ஒரு சான்றே அல்ல. அவரவர் காதில் போட்டுப் பார்க்க வேண்டும்.

தம்பியின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். கணினி விளையாட்டில் எதிரியின் காலடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது பெரிய விடயம். விளையாட்டின் உள்ளேயே ஒவ்வொரு ஒலிக்கும் திசை கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆதலால் அங்கே சரவுண்டுக்கு வேலை உண்டு. பல ஒலித்தடங்களோடு தயாரித்த திரைப்படத்திலும் உண்டு. ஆனால் அதற்கும் 7.1 பெட்டி வேண்டியதில்லை. 2017 முதல் விண்டோஸ் 10உடனேயே 'விண்டோஸ் சொனிக்' என்ற வசதி வருகிறது. சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனைச் செருகி அதை இயக்கினால் இதே கணக்கை அது இலவசமாகச் செய்கிறது. 'டொல்பி அட்மொஸ்' ஹெட்போன் மென்பொருளுக்குத்தான் பணம் கட்ட வேண்டும். ஹெட்போனுடன் வந்த மென்பொருளையும் விண்டோஸ் சொனிக்கையும் ஒரே நேரத்தில் இயக்கிவிட்டு, குகைக்குள் இருப்பதுபோல் கேட்கிறது என்று முறையிடுவோரும் இருக்கிறார்கள். ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நாங்கள் உண்மையில் எதைக் கேட்கிறோம் என்று பார்ப்போம். ஆசிரியரின் குரல், அவர் முன்னால் உள்ள ஒரே ஒலிவாங்கி வழியாக வருகிறது. அதில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சரவுண்டை இயக்கினால் மென்பொருள் அந்தக் குரலைச் சுற்றி ஒரு பொய் அறையைக் கட்டுகிறது. மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து கேட்பதுபோல் ஆகிறது. இரசாயனவியலில் ஒரு சேர்வையின் பெயரின் கடைசி அசை தெளிவில்லாமல் போனால் அது வேறு சேர்வையாகிவிடும் என்பதை அந்தப் பாடம் படிக்கும் தோழிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது அல்குர்ஆன் கிராஅத் கேட்கும்போது. எங்களில் பலர் தஜ்வீத் திருத்திக்கொள்ள ஹெட்போனில் கேட்கிறோம். ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீயின் பதிவை அதிகம் கேட்பேன். 1960களின் தொடக்கத்தில் எகிப்தில் பதிவான அது, முழு அல்குர்ஆனின் முதல் ஒலிப்பதிவாக அறியப்படுகிறது. ஒரு மனிதரின் ஒரே குரல். பின்னாலிருந்து வருவதற்கு அதில் எதுவும் இல்லை. ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாடு, ஒரு மத்து எத்தனை அளவு நீண்டு எங்கே நிற்கிறது என்பது, இவற்றுக்காகத்தான் அதைக் கேட்கிறோம். சரவுண்டை இயக்கியபோது ஓதல் பெரிய பள்ளிவாசலில் ஒலிப்பதுபோல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் நீட்டல் முடிந்த பிறகும் எதிரொலி தொடர்ந்தது. நிறுத்தும் இடம் கரைந்துபோனது. உள்ளம் உருகக் கேட்பவர்களுக்கு அது பிடிக்கலாம். ஓதப் பழகுபவர்கள் அணைத்துவிட்டுக் கேட்பதே நல்லது.

எங்களுக்கு மட்டும் உரிய இன்னொரு விடயம், பர்தா. கணினி ஆய்வுகூடத்தில் ஹெட்போனைப் பர்தாவுக்கு மேலாகத்தான் அணிகிறோம். துணி நடுவில் இருப்பதால் மெத்தை காதைச் சுற்றி ஒட்டி மூடுவதில்லை. அந்த இடைவெளியால் முதலில் கசிந்து போவது தாழ்ந்த மீடிறன் ஒலிகள். ஒலி மெலிவதாகத் தோன்றும், உடனே கை சத்தத்தைக் கூட்டும். விளம்பரப் படங்களில் வருவோர் யாரும் பர்தா அணிந்திருப்பதில்லை. ஆகவே இதைப் பற்றி எந்தப் பெட்டியும் பேசுவதில்லை. அகன்ற, மென்மையான மெத்தையும் இறுக்கத்தைச் சரிசெய்யக்கூடிய தலைப்பட்டையும் 7.1ஐவிட எங்களுக்குப் பயன். எங்கள் வெக்கையில் செயற்கைத் தோல் மெத்தை வியர்த்து, சில மாதங்களில் கறுப்புச் செதில்களாக உரிந்து பர்தாவில் ஒட்டுவதையும் பார்த்திருக்கிறேன். துணி மெத்தை ஒலியைக் கொஞ்சம் கசியவிடும், ஆனால் உரியாது.

சத்தத்தைக் கூட்டுவது பற்றிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாக வேண்டும். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான். பிரத்தியேக வகுப்பு, மீட்டல், பிறகு ஒரு படம் என்று சேர்த்தால் எங்களில் பலர் அந்த 4 மணித்தியாலத்தை ஒரே நாளில் முடித்துவிடுவோம். உட்காதில் உள்ள மயிர்க்கலங்கள் அழிந்தால் மனிதரில் அவை மீண்டும் வளர்வதில்லை. எனவே பிள்ளை ஹெட்போன் போட்டிருக்கும்போது சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் திட்டுவதற்கு முன் அந்தச் சத்தத்தின் அளவைப் பாருங்கள்.

கடையில் யாரும் சொல்லாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் உம்மும்மாவுக்கு வலக்காது கேட்காது. கட்டாரில் இருக்கும் மாமா அனுப்பும் வீடியோக்களைக் கணினியில் பார்க்கும்போது, சில இடங்களில் பேச்சே இல்லை என்பார். வலப்பக்கமாகப் பதிவானது அவருக்குக் கேட்பதில்லை. விண்டோஸ் அமைப்பில் அணுகல் வசதிகளுக்குள் 'மோனோ ஓடியோ' என்று ஒரு தெரிவு உண்டு. அதை இயக்கினால் இரு பக்க ஒலியும் ஒன்றாகி இரண்டு காதுமூடிக்கும் போகும். இப்போது அவருக்கு முழுவதும் கேட்கிறது. ஏழு திசைக்குப் பணம் கொடுக்கும் உலகத்தில், எல்லாவற்றையும் ஒரே திசையாக்கும் வசதி இலவசமாகக் கிடக்கிறது.

கடைக்குப் போகிறவர்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, பர்தாவுடனேயே அணிந்து பத்து நிமிடம் வைத்திருந்து பாருங்கள். ஒலிவாங்கியில் பேசிப் பதிவுசெய்து, மின்விசிறி ஓடும்போதே அதைத் திருப்பிக் கேளுங்கள். வகுப்பில் கேள்வி கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு, "உங்கட சத்தம் விளங்கேல்ல" என்று ஆசிரியர் ஒருமுறை சொன்னால் போதும், பிறகு வாயே திறக்காது. யூஎஸ்பி முனை மட்டும் உள்ள 7.1 வகைகள் பல கைபேசிகளில் நேரடியாகச் செருகாது. மின்சாரம் போன நாளில் கைபேசியில்தான் வகுப்பு நடக்கும் என்பதால் 3.5 மில்லிமீற்றர் முனையும் இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தை பழுதானால் அதை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.