கடல் மறுக்கும் நாள்

கடலோடு வாழ்ந்த தமிழர் காற்றுக்குத் திசைதோறும் பெயர் சூட்டினர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். எக்காற்றில் கலம் செலுத்தலாம், எக்காற்றில் கரையில் தங்க வேண்டும் என்று தெளிந்திருந்ததே அவர்தம் கடலறிவு. இன்றோ கடலுள் மூழ்குவது பொழுதுபோக்காகவும் வளர்ந்துள்ளது. முதுகில் காற்றுக்கலன் சுமந்து பவளத்திட்டுகளைக் காணச் செல்லும் ஸ்கூபா மூழ்கல் பல நாடுகளில் பெருந்தொழிலாகிவிட்டது. அத்தொழிலில் அடிக்கடி எழும் பூசல் ஒன்றுண்டு. "காற்று மிகுதி, இன்று பயணமில்லை" என்று படகுத் தலைவர் அறிவித்தவுடன், பணம் செலுத்தி வந்தவர் மனம் கொதிக்கிறார். அக்கொதிப்பு முறையானதுதானா? பயணத்தைத் தடுத்த அதே காற்று பவளத்துக்கு என்ன செய்கிறது? இவ்விரு வினாக்களையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் கிரேட் பேரியர் ரீஃப் எனும் பெரும் பவளத்திட்டு இதற்குத் தக்க சான்றாகும். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடற்பூங்காவாகவும், 1981இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்பளிக்கப்பட்ட இடம் அது. கெய்ன்ஸ், போர்ட் டக்ளஸ் முதலிய துறைகளிலிருந்து வெளித்திட்டுகளை அடைய விரைவுப் படகிலும் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அங்கே தென்கிழக்குக் காற்று மேலோங்கி வீசும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். காற்றின் வேகம் 26 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர், எட்டும் என்று கண்டால் அந்நாட்டு வானிலைத் துறை வலுத்த காற்றுக்கான எச்சரிக்கை விடுக்கிறது. ஆகவே, எந்த மாதத்தில் சென்றாலும் பயணம் தடைபடாது என்று எவரும் உறுதி கூற இயலாது.

இனி, பவளத்தின் நிலையை நோக்குவோம். பவளம் கல்லெனத் தோன்றினும் அது உயிர்களின் குடியிருப்பு. அவ்வுயிர்களின் திசுக்களில் நுண்பாசிகள் வாழ்கின்றன, ஒளியைக் கொண்டு உணவு ஆக்கித் தம்மைத் தாங்கும் உயிருக்கு ஊட்டுகின்றன, நிறமும் அளிக்கின்றன. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைக் காட்டிலும் நீரின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடி, அந்நிலை சில வாரங்கள் நீடித்தாலே இவ்வுறவு முறிகிறது. பாசிகள் வெளியேற்றப்படுகின்றன, பவளம் வெளிறுகிறது, வெப்பம் தணியாவிடில் பட்டினியால் மடிகிறது. இவ்வெப்பம் எப்போது ஏறும்? காற்று அடங்கி, மேகம் விலகி, கடல் கண்ணாடிபோல் கிடக்கும் நாள்களில் ஏறும். படகுப் பயணி வேண்டி நிற்பதும் அத்தகைய நாளைத்தானே! அலைபடும் கடலில் மேல்நீரும் கீழ்நீரும் கலக்கின்றன. நீர் ஆவியாகிக் குளிர்கிறது. மேகம் நிழல் தருகிறது. நமக்கு இடையூறாகத் தோன்றும் காற்றே பவளத்துக்கு விசிறியாகிறது.

இது வெறும் கற்பனையன்று. 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்திட்டைப் பெருவெப்பம் தாக்கியது. பிப்ரவரியில் ஃபிஜித் தீவுகளைச் சூறையாடிய வின்ஸ்டன் புயல் வலுவிழந்து, அதன் எச்சம் மேகமும் மழையுமாகத் திட்டின் தென்பகுதிக்கு வந்து சேர்ந்தது. தென்பகுதி நீர் தணிந்தது. அங்கிருந்த பவளம் பெரும்பாலும் தப்பியது. அக்குளிர்ச்சி எட்டாத வடபகுதி பேரிழப்புக்கு உள்ளாயிற்று. மார்ச்சுக்கும் நவம்பருக்கும் இடையில் திட்டு முழுவதிலும் ஆழங்குறைந்த நீர்ப் பவளத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு அழிந்ததென ஆய்வாளர் கணித்தனர்.

புயல் பவளத்தை உடைப்பதில்லையா எனச் சிலர் வினவலாம். உடைக்கிறது, அதனை மறுப்பதற்கில்லை. 1985 முதல் 2012 வரையிலான ஆய்வு, அத்திட்டில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 28 விழுக்காட்டிலிருந்து 13.8 விழுக்காடாகச் சுருங்கியதென்றும், அவ்விழப்பில் ஏறத்தாழப் பாதி சூறாவளியால் நேர்ந்ததென்றும் காட்டிற்று. எனினும் சூறாவளி வேறு. பயணத்தை ஒத்திவைக்கச் செய்யும் வழக்கமான காற்று வேறு. மேலும், உடைந்த பவளம் மீண்டும் தழைக்க ஆண்டுகள் பல வேண்டும். 2016க்குப் பின் 2017, 2020, 2022, 2024 எனப் பெருவெளிறல் அடுத்தடுத்து நேர்ந்தமையால், அந்த ஓய்வுக்காலமே பறிபோயிற்று என்பதுதான் பெருந்துயர்.

இத்தகைய நிலையில், கடல் மறுக்கும் நாளை நாம் எவ்வாறு ஏற்பது? நம் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு இதற்கு வழி காட்டுகிறது. முத்துச் சலாபம் ஆண்டு முழுவதும் நடைபெற்றதில்லை. கடல் அமைந்திருக்கும் சில வாரங்களில் மட்டுமே நடைபெற்றது. அதற்கு முன்னர் முத்துப்பார்களை ஆய்ந்து, சிப்பி போதிய அளவில் முதிர்ந்திருந்தால்தான் சலாபம் அறிவிக்கப்பட்டது. இல்லையேல் ஆண்டுக்கணக்கில் அறிவிப்பே இராது. கடலின் மறுப்பைக் கணக்கில் கொண்டே அத்தொழில் இயங்கிற்று. இன்றைய சுற்றுலாத் தொழிலுக்கு இப்பக்குவம் போதவில்லை என்பதே என் குறை.

ஆதலின் சிலவற்றை வலியுறுத்த விழைகிறேன். முதலாவது, தடைபடும் நாள்களின் இழப்பை நிறுவனம் தன் கட்டணத்திலேயே கணித்துவைத்தல் வேண்டும். பயணம் நின்றவுடன் மறுப்பேதுமின்றிப் பணத்தையோ மாற்று நாளையோ வழங்குதல் வேண்டும். ஒரு நாள் கூலியை நம்பியுள்ள படகுப் பணியாளருக்கும் அதில் பங்கு ஒதுக்குதல் அறம். அவ்வாறு செய்தால்தான், வருவாயை எண்ணித் துணியாத கடலில் துணிய வேண்டிய நெருக்கடி படகுத் தலைவருக்கு நேராது.

இரண்டாவது, வெளித்திட்டுக்குச் செல்ல முடியாத நாளில் எல்லாப் படகுகளும் காற்றொதுக்கான ஒரே திட்டில் குவிதல் தகாது. கலங்கிய நீரில், தேர்ச்சியில்லாதவர் தடுமாறிப் பவளத்தைப் பற்றிக்கொள்கின்றனர். காலில் அணிந்த துடுப்பால் கிளைகளை முறிக்கின்றனர். பாறைபோல் திரண்ட பவளம் ஓராண்டில் வளர்வது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். முறிவதற்கோ ஒரு நொடி போதும்.

மூன்றாவது, விளம்பரத் தாளில் பழைய வண்ணப்படத்தைக் காட்டி, வெளிறிய திட்டுக்கு அழைத்துச் செல்லுதல் வாய்மையாகாது. திட்டின் இன்றைய நலத்தை உள்ளவாறு கூறினால் வருவோர் குறைவர் என்று அஞ்ச வேண்டியதில்லை. உண்மை அறிந்து வருபவரே அதன் காவலராவார்.

இவ்வளவும் கூறியது பயணமே வேண்டா என்பதற்கன்று. அங்கே பயணிகள் செலுத்தும் கட்டணம் கடற்பூங்காவின் பராமரிப்புக்குப் பயன்படுகிறது; மூழ்குவோர் தாம் கண்ட வெளிறலையும் நோயையும் பூங்கா ஆணையத்துக்குத் தெரிவிக்க முறையான ஏற்பாடும் உண்டு. காண்பவர் இல்லாத அழிவு கேட்பாரின்றிப் போகும். ஆயினும் விசிறி எவ்வளவு வீசினும், அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் அறை குளிருமா? நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் ஏற்றும் வெப்பம் தணியாதவரை, காற்று தருவது தவணை மட்டுமே. அப்படகுக்கு வந்து சேரும் விமானமும் அவ்வடுப்பின் விறகே என்பதைப் பயணி மறத்தலாகாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளமும் 2010இலும் 2016இலும் வெளிறிற்று. ஆகவே இது அயல்நாட்டார் கவலை மட்டுமன்று. கடல் இன்று வேண்டாவென்றால் கரையில் அமர்ந்திருக்கும் பொறுமையை இளைய தலைமுறை கற்றல் வேண்டும். நாம் இழப்பது ஒரு நாள். அக்காற்றினால் பவளம் பெறுவது இன்னோர் ஆண்டாகவும் இருக்கலாம்.