தண்ணீருக்குக் காசில்லை என்று யார் சொல்வது?

ரயில்வேயில் 33 வருஷம் வேலை பார்த்தேன். கடைசி 12 வருஷம் கேட்டரிங் இன்ஸ்பெக்டர். பான்ட்ரி காரில் ஏறி சாம்பாரை ருசி பார்ப்பது, இட்லியை எடை போடுவது, 15 ரூபாய்த் தண்ணீர் பாட்டிலை 20-க்கு விற்றுவிட்டு “சில்லறை இல்லை சார்” என்று தலையைச் சொறிகிறவருக்கு அபராதம் எழுதுவது, இதுதான் பிழைப்பு. ஓய்வுபெற்று நாளாகியும் புத்தி போகவில்லை. எங்கே போனாலும் கண் முதலில் விலைப்பட்டியலைத்தான் தேடும்.

போன தை மாதம் அக்காவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம் ஏறினேன். அக்காவுக்கு 71 வயது, அருப்புக்கோட்டை. டெல்லியில் இருக்கும் அவள் மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தான். அவளுக்கு இதுதான் முதல் விமானம். ரயிலுக்குக் கட்டுவதுபோலவே புளியோதரை கட்டியிருந்தாள். எலுமிச்சை ஊறுகாய் டப்பா மட்டும் பாதுகாப்புச் சோதனையில் நின்றுபோனது. அதைப் பற்றி டெல்லி வரைக்கும் பேசிக்கொண்டு வந்தாள்.

மேலே போய் அரைமணி நேரத்தில் தள்ளுவண்டி வந்தது. இருக்கைப் பையில் இருந்த அட்டையை எடுத்து என் தொழில் புத்தியோடு படித்தேன். டீ 150 ரூபாய். கப் நூடுல்ஸ் 200. முந்திரி டப்பா 250. டீ என்றால் ஒரு கப் வெந்நீர், ஒரு டீ பேக், பால் பவுடர் பொட்டலம். கலக்கிக்கொள்வது நம் பொறுப்பு. முன்வரிசையில் ஓர் இளைஞர் பணிப்பெண்ணிடம் வாதம் செய்துகொண்டிருந்தார். கடையில் 50 ரூபாய்க்குக் கிடைக்கிற நூடுல்ஸுக்கு இது என்ன அநியாயம் என்று. அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் நின்றாள். விலையை வைத்தவள் அவளில்லை. ரயிலில் என் ஆட்களும் இதே வசவை இதே மாதிரி நின்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

வாதத்தை நான் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஏதோ சத்தம். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு கஷ்டப்பட்டு எதையோ விழுங்கினாள். பிரஷர் மாத்திரை. வெறும் வாயில்.

“தண்ணி கேட்டிருக்கலாமேக்கா?”

“வெந்நிக்கே நூத்தம்பதுங்கிறான். பச்சத் தண்ணிக்கு எம்புட்டுக் கேப்பானோ. எதுக்குப்பா வம்பு.”

தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தினேன். இரண்டு நிமிடத்தில் ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் வந்தது. காசு கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. டிக்கெட் விலைக்கு மேல் எதற்கெல்லாம் தனிக் காசு வாங்கலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) போட்ட பட்டியலில் இருக்கைத் தேர்வு, பெட்டி, சாப்பாடு, நொறுக்குத் தீனி, பானம் எல்லாம் இருக்கின்றன. பானத்துக்குப் பக்கத்திலேயே ‘குடிநீர் நீங்கலாக’ என்றும் இருக்கிறது. ஆனால் அன்று ஒலிபெருக்கியில் சாண்ட்விச் வகைகளைச் சொன்னார்கள், குளிர்பானங்களைச் சொன்னார்கள், எந்தெந்த அட்டையில் பணம் கட்டலாம் என்றும் சொன்னார்கள். தண்ணீருக்குக் காசில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

விமானத்தில் விற்கும் தின்பண்டத்தின் விலையைப் பற்றி இத்தனை பேர் புலம்புகிறார்களே, அந்தக் கூட்டத்தோடு நான் முழுசாகச் சேரமாட்டேன். முன்னொரு காலத்தில் எங்கள் அதிகாரி ஒருவர் இந்தியன் ஏர்லைன்ஸில் போய்வந்தால் விமானத்தில் தட்டில் நீட்டுகிற மிட்டாயைச் சட்டைப்பை நிறைய அள்ளிக்கொண்டு வருவார். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் கொடுப்பார்கள். சாப்பாடும் தட்டோடு வரும். எல்லாம் இலவசம் என்று நினைத்தோம். டிக்கெட்டில்தான் சேர்த்து வாங்கினார்கள். அந்த டிக்கெட்டை வாங்க எங்கள் தெருவில் ஒருவராலும் முடியாது. 2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கி, ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஒரு விலை, மற்றதெல்லாம் வேண்டுமானால் தனி விலை என்று பிரித்தார். ‘சூரரைப் போற்று’ படம் பார்த்தவர்களுக்கு மீதிக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று எங்கள் தெரு வெல்டர் பையன் விமானத்தில் வேலைக்குப் போய்வருகிறான். நூடுல்ஸ் தின்னாத அவன் நூடுல்ஸ் தின்கிறவருக்காகச் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

தவிர, விமானக்காரர் கணக்கு ரயில்வேக் கணக்கு அல்ல. தள்ளுவண்டியும் அதிலுள்ள சரக்கும் எடைதான். எடை கூடினால் எரிபொருளும் கூடுதலாகத் தீரும். சரக்கின் விலையும் கணக்குத்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டல் 1987-ல் சாலட்டிலிருந்து ஒரே ஓர் ஆலிவ் காயை எடுத்துவிட்டு வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்தார் என்று சொல்வார்கள். ஆகவே நூடுல்ஸ் 200-க்கு விற்கட்டும், 500-க்கும் விற்கட்டும். இரண்டே முக்கால் மணி நேரம் நூடுல்ஸ் இல்லாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. சில பட்ஜெட் விமானங்களில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ நாலு மணி நேரம். போகிறவர்களில் பலர் கூலி வேலைக்குப் போகிறவர்கள், அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலம் மடியில் இருக்கும். அதைப் பிரிக்காதே, என் கடையில்தான் வாங்க வேண்டும் என்றால், விலையும் அவன் கையில், கதவும் அவன் கையில். வெளிநாடு போகிற விமானத்தில் 100 மில்லிக்கு மேல் நீர்ப்பொருள் கையில் கொண்டுபோகவும் முடியாது. 2006-ல் திரவ வெடிகுண்டால் விமானங்களைத் தகர்க்கும் லண்டன் சதி அம்பலமான பிறகு வந்த கட்டுப்பாடு அது. ஆக, தண்ணீரை வாசலில் பிடுங்கிக்கொள்கிறார்கள், உள்ளே பாட்டிலில் விற்கிறார்கள். காலி பாட்டிலைக் கொண்டுபோய்ச் சோதனைக்கு அப்புறம் குழாயில் பிடித்துக்கொள்ளலாம் என்பது பலமுறை பறந்தவருக்குத் தெரியும். முதல்முறை போகிற பையனுக்கு யார் சொல்வது?

தியேட்டரில் இதே வழக்கு வந்தது. வெளித் தின்பண்டத்தைத் தடுக்க தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தியேட்டரிலாவது இடைவேளையில் எழுந்து வெளியே போகலாம்.

குரல் உள்ளவருக்குக் கதவு திறக்கத்தான் செய்கிறது. 2018-ல் சென்னை விமான நிலையத்தில் வெந்நீருக்கும் டீ பேக்குக்கும் 135 ரூபாய் கேட்டார்கள் என்று முன்னாள் நிதியமைச்சர் ப.சிதம்பரம் எழுதினார், நாடு முழுக்கச் செய்தியானது. 2024-ல் மாநிலங்களவை உறுப்பினர் ராகவ் சட்டா நாடாளுமன்றத்தில் விமான நிலைய விலையைப் பற்றிப் பேசினார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே கொல்கத்தா விமான நிலையத்திலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் ‘உடான் யாத்ரி கஃபே’ என்ற மலிவு விலைக் கடை வந்துவிட்டது. டீ 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், சமோசா 20. முன்னாள் நிதியமைச்சருக்கு டீ விலை உறைத்தது நல்லதாகப் போயிற்று. வெறும் வாயில் மாத்திரை விழுங்குகிறவள் புகாரே எழுதமாட்டாள். எழுதினால்தானே கணக்கில் வரும்? என் 12 வருஷத்தில் புகார்ப் புத்தகத்தில் எழுதியவரெல்லாம் ஏசி வகுப்புக்காரர்கள். பொதுப் பெட்டியில் பசியோடு வந்தவர் ஒருவரும் எழுதியதில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. தள்ளுவண்டி கிளம்பும் முன் ஒரு வரி: குடிதண்ணீருக்குக் காசில்லை, தயங்காமல் கேளுங்கள். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கிளம்புகிற விமானத்தில் அது தமிழிலும் வரட்டும். தின்பண்டத்தின் விலை டிக்கெட் போடும்போதே திரையில் தெரியட்டும். வீட்டுச் சோற்றுக்குத் தடை இருந்தால் அதையும் அங்கேயே கொட்டை எழுத்தில் போடட்டும், பிறகு யார் எதை வாங்குவது என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

திரும்பி வரும்போது அக்கா தேறிவிட்டாள். தள்ளுவண்டி பக்கத்தில் வந்ததுமே, நான் வாயைத் திறக்கும் முன், “தாயி, குடிக்கத் தண்ணி” என்றாள், வரப்பில் நின்று கூப்பிடுகிற குரலில். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. கையைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஊற்றிக் கொடுத்தாள். காசு வாங்காததைப் பின்வரிசையில் பார்த்திருக்க வேண்டும். ஒரு கிழவர் கையை உயர்த்தினார். அடுத்து ஒரு கைக்குழந்தைக்காரி. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து மூன்று பேர். வண்டியிலிருந்த பாட்டில் காலியாகி, அந்தப் பெண் இன்னொன்று எடுத்துவரப் பின்னால் போனாள்.