கழிவுப் பக்கம்

தோட்டத்துச் சம்பளத் துண்டில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் எத்தனை பேர் (ஒரு நாள் வேலை ஒரு பேர்) விழுந்தது, நாட்கூலி எவ்வளவு, கைக்காசு எவ்வளவு என்று இருக்கும். மறுபக்கம் கழிவு: சேமலாப நிதி, சங்கச் சந்தா, மாத நடுவில் வாங்கிய முற்பணம், தீபாவளி முற்பணத்தின் தவணை, தேயிலைத் தூள், கோயில் காசு. பல ஆண்டுகளுக்கு முன் ரத்தோட்டைப் பக்கத்துத் தொழிலாளர் லயமொன்றில் இப்படியொரு துண்டை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். கழிவுப் பக்கம்தான் நீளம். துண்டைக் காட்டிய அம்மா சிரித்தார். "வரவுக்கு ரெண்டு வரி போதும் தம்பி. கழிவுக்குத்தான் தாள் பத்தல."

வாழ்க்கைச் செலவு ஏறும் ஒவ்வொரு முறையும் பத்திரிகைகளில் சிக்கன ஆலோசனைகள் பெருகும். வரவுக்குள் செலவு செய், கணக்கெழுது, மாதம் பிறந்ததும் ஒரு பங்கைச் சேமிப்புக்கு ஒதுக்கு. இதில் எதுவும் தவறில்லை. ஆனால் இந்த ஆலோசனைகள் எல்லாமே ஒரு வரிசையை நம்பியிருக்கின்றன: முதலில் பணம் கைக்கு வரும், பிறகு அதை என்ன செய்வது என்று வீட்டுக்காரி முடிவெடுப்பாள். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் அந்த வரிசை தொடக்கத்திலேயே தலைகீழாகக் கிடந்தது. முதலில் வந்தது கடன். சம்பளம் அதைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தது.

அந்தத் தொடக்கத்துக்கு ஒரு பாதை இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாகக் காட்டுக்குள் நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். இங்கிருந்துதான் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. 2023இல், இப்படி வந்த மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவடைந்தது. அந்தப் பாதையில் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கணக்கும் இருந்தது என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. தோணிக் கூலி, வழியில் பொங்கிய அரிசி, குளிருக்குக் கொடுத்த கம்பளி, ஊரில் விட்டுவந்த கடனை அடைக்கக் கொடுத்த முன்பணம் எல்லாம், ஆட்களைத் திரட்டி அழைத்துவந்த கங்காணியின் கணக்கில் ஏறின. முதல் காப்பிப் பழத்தைப் பறிப்பதற்கு முன்பே ஆள் கடனாளி.

அதே மாத்தளையில், அதே காலத்தில், காசு இன்னொரு கூட்டத்தையும் நெரித்தது. 1848இல் ஆளுநர் டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி போட்டார். வீதிச் சட்டம் என்று ஒன்று வந்தது: ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய், அல்லது மூன்று ஷில்லிங் கட்டு. நெல்லும் குரக்கனும் விளைவித்துத் தின்றுவந்த சிங்களக் கிராமத்தவனுக்கு உணவு இருந்தது, நாணயம் இல்லை. ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். இரண்டு நாளில் மாத்தளையில் அரசுக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. ஆகஸ்ட் 8ஆம் திகதி கலகத்தின் இன்னொரு தலைவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கலகம் அடங்கியது. ஆனால் டொரிங்டனும் பின்னர் திருப்பி அழைக்கப்பட்டார்.

அந்த நேரத்தில் பிரிட்டனில் காப்பி விலை சரிந்திருந்தது. தோட்டங்கள் முறிந்தன, மாதக்கணக்கில் கூலி நிலுவையில் நின்றது. ஆனாலும் தோட்டத்துத் தமிழன் கலகம் செய்யவில்லை. அவனைக் கோழை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிராமத்தவனுக்குத் திரும்பிப் போக ஒரு வீடும், ஒளிந்துகொள்ள ஒரு காடும், பசிக்கு ஒரு பலா மரமும் இருந்தன. தோட்டத்தவனுக்கு இருந்ததெல்லாம் கங்காணியின் ஏட்டில் அவன் பெயருக்கு நேரே எழுதிய ஒரு தொகை.

அந்தத் தொகைக்குப் பின்னர் ஒரு காகிதமும் கிடைத்தது. அதன் பெயரும் துண்டுதான். இந்தக் கும்பலின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். அங்குள்ள துரை கடனைக் கட்டி, மேலே கொஞ்சம் முன்பணமும் போட்டு ஆட்களை எடுத்துக்கொள்வார். போட்டி கூடக்கூடத் துண்டில் எழுதிய தொகை ஏறியது. ஏறிய தொகை தொழிலாளியின் கைக்கு வந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. கடன் அவன் பெயரில், காசு கங்காணியின் மடியில். கும்பலில் ஒவ்வோர் ஆளும் வேலைக்கு இறங்கும் நாளுக்குத் தலைக்காசு என்று கங்காணிக்குத் தனி வரவு வேறு. அரிசியைத் தோட்டமே கொடுத்து அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்ததால், மாத முடிவில் கையில் விழுந்தது சில்லறை.

1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்து, பழைய கடன்களையும் தள்ளியது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழி செய்தது. இந்த இரண்டும் சிறிய காரியங்கள் அல்ல. இலங்கையில் மற்றத் தொழிலாளருக்கு முன்பே தோட்டத் தொழிலாளிக்குக் கூலிச் சட்டம் வந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்திய அரசின் அழுத்தம் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் தள்ளப்பட்டது தொகைதான், பழக்கமல்ல. கங்காணியின் ஏடு போனது, கடைக்காரரின் பற்றுக் கொப்பி வந்தது. அரிசி, மா, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கொப்பியில். சம்பள நாளில் கடைக்காரர் தோட்டத்துக்கு வருவார், அல்லது தோட்டம் கடைக்குப் போகும்.

கூப்பன் அரிசியின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் நாடு நின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார். அரிசி விலை இந்த நாட்டில் ஆட்சியை ஆட்டும் என்பது அன்று தெரிந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும், அதன் பின் வாக்கும் இழந்த தோட்டத்தவரின் பசி எந்த ஆட்சியையும் ஆட்டவில்லை. 1973, 74இல் பங்கீடு வெட்டப்பட்டபோது அதன் விளைவு தெரிந்தது. கிராமத்தில் மரவள்ளி நட ஒரு துண்டு நிலம் இருந்தது. லயத்தின் வாசலில் மூன்றடி மண்ணும் தோட்டத்துக்கே சொந்தம். அந்த ஆண்டுகளில் தோட்டங்களில் மரண வீதம் ஏறியதை அரசின் பதிவுகளே காட்டுகின்றன. கையில் காசு இருந்தவருக்கும் கடையில் பொருள் இல்லை. காணிச் சீர்திருத்தத்தின்போது கண்டி, மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டுப் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போனவர்களும் உண்டு. போனவர்கள் கொண்டுபோனது காதில் கழுத்தில் இருந்ததைத்தான்.

இந்த மாவட்டத்தில் நிலம் எப்படி வங்கியாகிறது என்பதைக் காண மிளகைப் பார்க்க வேண்டும். மாத்தளை மிளகு நாடு. உக்குவெலப் பக்கத்தில் வீட்டுத் தோட்டத்துக் கல்யாண முருங்கையில் நாலு கொடி ஏற்றியிருக்கும் குடும்பம், மிளகைப் பறித்துக் காயவைத்துச் சாக்கில் கட்டி வைக்கும். விலை இறங்கினால் விற்காது. மகளின் கல்யாணம் வந்தால், ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், ஒரு சாக்கு அவிழும். காய்ந்த மிளகு ஆண்டுக்கணக்கில் கெடாது. ரூபாய் விழுந்தால் மிளகு விலை ஏறும். இதைவிட நல்ல சேமிப்புக் கணக்கை எந்த வங்கியும் இந்த மலைக்குக் கொண்டுவரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம், லயத்தில், அதே மண்ணில் கொடி நடக் காணி இல்லை. கொழுந்தைப் பறித்த அன்றே தொழிற்சாலைக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரே மழை, ஒரே சந்தை. ஒருவருக்குக் காத்திருக்க முடிகிறது, மற்றவருக்கு முடியவில்லை. வறுமை என்பதே காத்திருக்க முடியாமைதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

காத்திருப்புக்கு லயத்துப் பெண்கள் கண்டுபிடித்த வழி சீட்டு. இருபது பேர், மாதம் ஆளுக்கு 2,500 ரூபாய், ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு 50,000. வட்டி இல்லை, கையெழுத்து இல்லை, பிணை இல்லை. ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் வாழ்வதுதான் பிணை. அண்மைக் காலத்தில் வந்த நுண்கடன் நிறுவனங்களின் குழுக் கடனும் இதே நம்பிக்கையில்தான் நிற்கிறது என்றாலும், அது செய்தது நேர்மாறு. சீட்டில் பக்கத்து வீட்டுக்காரி உன் சேமிப்புக்குக் காவல், குழுக் கடனில் உன் தவணைக்குக் காவல். வாராவாரம் வசூலிக்க ஆள் வருவார், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுவார்கள். 2018இல் அரசு சில மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடனைத் தள்ளி, வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்று வரம்பு கட்டியது. 35 என்பதே வரம்பு என்றால், அதற்கு முன் என்ன இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு 2022 வந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. சுமார் 200 ரூபாய்க்குக் கிடைத்த டொலர் 360ஐ எட்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. ஆகஸ்டில் ஒரே நாளில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. மூன்று வேளையும் ரொட்டி தட்டும் லயத்தில் ஒரு கிலோ கோதுமை மா 400 ரூபாய்வரை போனது. நாட்கூலி ஆயிரம். இரண்டரைக் கிலோ மா.

அந்த ஆண்டு சீட்டுக்கு என்ன ஆனது என்று யாரும் எழுதவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2021 கடைசியில் தொடங்கிய சீட்டில் முதல் மாதமே 50,000 எடுத்தவள் கூரைத் தகரம் வாங்கினாள். கடைசியில் எடுத்தவள் அதே 50,000ஐ வாங்கியபோது, முன்பு அதில் வாங்கக்கூடிய சமையல் சாமான்களில் ஏறக்குறைய பாதியைத்தான் வாங்க முடிந்தது. அவள் ஒரு தவணையும் தவறவில்லை. யாரும் அவளை ஏமாற்றவும் இல்லை. சேமிக்கச் சொன்ன ஆலோசனையைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியவள் அவள்தான். அவசரப்பட்டவள் பிழைத்தாள், பொறுமையாக இருந்தவள் இழந்தாள். சேமலாப நிதிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அந்த நிதி தன் முறிகளை நீண்டகால, குறைந்த வட்டி முறிகளுக்கு மாற்றிக்கொண்டது. ஆண்டுக்குக் குறைந்தது 9 சதவீத வட்டி என்று உறுதி கொடுத்தார்கள். முந்தின ஆண்டு விலைவாசி ஏறிய வேகத்தை நினைத்தால், அந்த 9 எதற்கு ஈடு? அரசு நடத்தும் தோட்ட நிறுவனங்கள் பிடித்த சேமலாபப் பணத்தையே ஆண்டுக்கணக்கில் கட்டாமல் வைத்திருந்தது பாராளுமன்றத்தில் பேசப்பட்ட விடயம். கழிவுப் பக்கத்தில் முதல் வரியே அதுதான்.

கூலி ஏறவில்லை என்று சொல்லமாட்டேன். 2019இல் அடிப்படை 700, 2021இல் எல்லாம் சேர்த்து 1,000, 2024இல் நீதிமன்றப் படியெல்லாம் ஏறி இறங்கி 1,350. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கம்பெனி கொடுக்கும் 1,550உடன் வேலைக்கு வருவதற்காக அரசு கொடுக்கும் 200ஐயும் சேர்த்து 1,750 என்றார்கள். ஒவ்வொரு ஏற்றமும் ஒரு போராட்டம், ஒரு தேர்தல், ஒரு பட்டாசு. ஆனால் இந்த எண் ஒரு நாளுக்கானது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும், எத்தனை கிலோ பறித்தால் அது முழுப்பேர், எத்தனைக்குக் குறைந்தால் அரைப்பேர் என்பதெல்லாம் வேறொருவர் கையில் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான ஆய்வில் நகரக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 116,670 ரூபாய், தோட்டக் குடும்பத்துக்கு 46,865. இந்தத் தோட்டக் கணக்கில் கொழும்புக் கடைகளில் நிற்கும் மகனின் காசும் வளைகுடா நாட்டு வீடுகளில் வேலைபார்க்கும் மகளின் காசும் கலந்திருக்கின்றன.

இந்தக் குடும்பங்களுக்குக் கணக்குத் தெரியாது, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வாரியிறைக்கிறார்கள் என்று நகரத்தில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் தேர் ஓடும்போது கடன் வாங்கியாவது புதுத்துணி எடுப்பவர்கள் உண்டுதான். குடியில் சம்பளம் கரையும் வீடுகளும் உண்டு, அதை மறைப்பது பெண்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் கணக்குத் தெரியாது என்பது மட்டும் பொய். மாதம் 46,000 ரூபாயை மா, மண்ணெண்ணெய், பள்ளிக்கூட வான், மூன்று தவணை என்று பிரித்து, பத்தாம் திகதியிலிருந்து அடுத்த பத்தாம் திகதிவரை இழுப்பவருக்குத் தெரியாத கணக்கை எந்தச் சிக்கனப் பத்தியும் சொல்லித்தர முடியாது.

சென்ற ஆண்டு மறுபடி அந்த லயத்துக்குப் போனேன். துண்டைக் காட்டிய அம்மா இப்போது வேலையை விட்டுவிட்டார். மருமகள் சீட்டு நடத்துகிறாள். 2022க்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்திருக்கிறார்கள் என்றாள். இருபது பேர் கூடாது, பத்துப் பேர்தான். பத்து மாதத்துக்கு மேல் பணத்தை நம்ப முடியாதாம். அப்புறம், ஜனவரிச் சீட்டுக்குக் குலுக்கல் இல்லை. அந்த மாதம் யார் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் அதிகமோ அவளுக்கு. கொப்பியை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே தொகை, திகதி, ஒரு சரி. ஒரு பக்கம்தான் இருந்தது.