வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்தில் படித்தால் அதன் நூலகம் முழுவதும் கிடைக்குமா?

பிரிட்டன் அல்லது ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் பட்டம். ஆனால் விமானம் ஏற வேண்டாம், கட்டணமும் குறைவு. ஈப்போவுக்கு அருகே லகாட், மெங்லெம்பு, பத்து காஜா பகுதிகளில் இருக்கும் குடும்பங்களையும் இந்த வாய்ப்பு ஈர்த்து வருகிறது.

பி.டி.பி.டி.என் கடன், இ.பி.எஃப் சேமிப்பு என்று கையில் இருப்பதையெல்லாம் திரட்டித்தான் பல பெற்றோர் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் விசாரிப்பவர்கள் பெரும்பாலும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு: லண்டனிலோ மெல்பர்னிலோ படிக்கும் மாணவர் திறக்கும் அதே மின்நூலகம் என் பிள்ளைக்கும் திறக்குமா?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. நீங்கள் எந்த வகை நிறுவனத்தில் சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

கிளை வளாகமா, '3+0' படிப்பா?

மலேசியாவில் 1996ஆம் ஆண்டு தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டம் வந்த பிறகே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கே கிளை திறக்க வழி பிறந்தது. 1998இல் மொனாஷ், 1999இல் சரவாக்கின் மிரியில் கர்ட்டின், 2000இல் நாட்டிங்ஹாம் என்று வரிசையாக வந்தன. இவை கிளை வளாகங்கள். இங்கு சேரும் மாணவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவராகவே பதிவாகிறார்.

இன்னொரு வகை '3+0' படிப்பு. உள்ளூர் தனியார் கல்லூரி ஒன்று மூன்று ஆண்டும் பாடம் நடத்தும், பட்டத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வழங்கும். சான்றிதழில் பெயர் ஒன்றுதான். ஆனால் அன்றாடம் நீங்கள் பயன்படுத்துவது அந்த உள்ளூர் கல்லூரியின் நூலகத்தை.

பொதுவாகக் கிளை வளாக மாணவர்களுக்குத் தாய் வளாகத்தின் மின்வளங்களில் பெரும்பகுதி கிடைக்கும். '3+0' மாணவர்களின் நிலை இரு நிறுவனங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சில இடங்களில் முழு அனுமதி, சில இடங்களில் ஒரு பகுதி, சில இடங்களில் எதுவும் இல்லை.

பணம் கொடுத்து வாங்கிய பிறகும் ஏன் தடை?

அச்சுப் புத்தகத்தை நூலகம் விலை கொடுத்து வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. மின்இதழ்களும் மின்னூல்களும் அப்படியில்லை. பெரும்பாலும் நூலகம் வாங்குவது புத்தகத்தை அல்ல, அதைப் படிப்பதற்கான உரிமத்தை. வீட்டை வாங்குவதற்கும் வாடகைக்கு எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று வச்சுக்கலாம். வாடகை வீட்டில் யார் தங்கலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அல்லவா? இங்கேயும் அதே கதைதான்.

உரிம ஒப்பந்தத்தில் 'அனுமதிக்கப்பட்ட பயனர்' யார் என்று வரையறுத்திருப்பார்கள். பல பதிப்பகங்கள் மாணவர் எண்ணிக்கையை வைத்தே விலை சொல்கின்றன. கடல் கடந்த வளாகத்தில் இருக்கும் சில ஆயிரம் பேரையும் சேர்த்தால் விலை ஏறும். சில பதிப்பகங்கள் நாடு வாரியாகத் தனி விலை, தனி ஒப்பந்தம் கேட்கும். பல்கலைக்கழகம் கூடுதல் பணம் கட்டாவிட்டால் அந்தத் தரவுத்தளம் மட்டும் மலேசிய மாணவருக்குத் திறக்காது.

மின்னூல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே நேரத்தில் ஒருவரோ மூவரோ மட்டும் படிக்கலாம் என்ற நிபந்தனையோடு விற்கப்படும் நூல்கள் ஏராளம். தேர்வுக்கு முந்தைய வாரம் வகுப்பே அந்த ஒரு நூலைத் தேடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாடகைக்கு விட்டவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். 2022ஆம் ஆண்டு கல்வியாண்டு தொடங்கும் நேரத்தில், வைலி பதிப்பகம் நூலகங்களுக்கான ஒரு மின்னூல் தொகுப்பிலிருந்து 1,300க்கும் மேற்பட்ட நூல்களை விலக்கியது. நூலகர்களும் ஆசிரியர்களும் கடுமையாக எதிர்த்த பிறகு தற்காலிகமாகத் திருப்பித் தந்தது.

லகாட் வீட்டிலிருந்து எப்படித் திறக்கும்?

பெரும்பாலான கிளை வளாகங்கள் சிலாங்கூர், புத்ராஜெயா, ஜொகூர், சரவாக் பக்கம் இருக்கின்றன. ஈப்போவிலிருந்து கோலாலம்பூரே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். செமஸ்டர் விடுமுறையில் வீட்டுக்கு வந்து ஆய்வேடு எழுதும் மாணவருக்கு நூலகம் என்றால் அது கணினித் திரைதான்.

வளாகத்துக்குள் இருக்கும்போது அங்குள்ள இணைய முகவரியை வைத்து பதிப்பகத்தின் தளம் உங்களை அடையாளம் காணும். வெளியே வந்துவிட்டால் நூலக இணையதளம் வழியாகவே நுழைய வேண்டும். அங்கே மாணவர் எண்ணும் கடவுச்சொல்லும் கொடுத்தால், அது உங்கள் சார்பில் பதிப்பகத்திடம் 'இவர் எங்கள் மாணவர்' என்று சொல்லும்.

பலரும் செய்வது என்ன? கூகுளில் கட்டுரையைத் தேடி, நேராகப் பதிப்பகத்தின் பக்கத்துக்குப் போய், 40 டாலர் கேட்கிறதே என்று மூடிவிடுவது. பல சமயம் அந்தக் கட்டுரைக்குப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கும். கூகுள் ஸ்காலர் அமைப்புகளில் உங்கள் நூலகத்தின் பெயரைச் சேர்த்துவிட்டால், கிடைக்கும் கட்டுரைகளுக்குப் பக்கத்திலேயே இணைப்பு தெரியும். இரண்டு நிமிட வேலைதான் இது.

இந்தியாவில் நிலைமை என்ன?

மலேசியாவிலிருந்து இந்தியாவுக்குப் படிக்கச் செல்வோரும் உண்டு. அங்கே 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள். 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் உள்ள மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் என சுமார் 1.8 கோடி பேர் பயன்பெறுவார்கள் என்று அரசு அறிவித்தது.

ஆனால் இந்தத் திட்டம் மத்திய, மாநில அரசுகளின் கீழ் உள்ள நிறுவனங்களுக்கானது. தமிழ்நாட்டில் ஒரு தனியார் கல்லூரியில் சேரும் மலேசிய மாணவர், 'இந்தியா முழுக்க இலவசம்' என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்தியாவும் இப்போது வளாகங்களை வெளிநாட்டுக்குக் கொண்டு செல்கிறது. சென்னை ஐ.ஐ.டி 2023இல் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது. இதே கேள்வியை அங்குள்ள மாணவரும் கேட்க வேண்டியிருக்கும்.

இணையத்தை மட்டும் நம்பலாமா?

2023 அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் நூலகம் சைபர் தாக்குதலுக்கு உள்ளானது. நூல் பட்டியல் இணையத்துக்குத் திரும்ப 2024 ஜனவரி ஆனது. பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் லட்சக்கணக்கான முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தேட உதவிய 'ஈதாஸ்' சேவை அதன் பிறகும் நீண்ட காலம் முடங்கிக் கிடந்தது. அதை நம்பியிருந்தவர்கள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்திலும் தனித்தனியாகத் தேட வேண்டியதாயிற்று.

ஆகவே, கிடைத்த கட்டுரையைத் தரவிறக்கி, உரிமம் அனுமதிக்கும் அளவுக்குச் சேமித்து வையுங்கள். இணைப்பை மட்டும் குறித்து வைப்பது போதாது.

பேராக் பற்றி ஆய்வு செய்வோர் எங்கே தேடலாம்?

உங்கள் தாத்தா பால் மரம் வெட்டிய தோட்டத்தைப் பற்றியோ, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களைப் பற்றியோ எழுத நினைத்தால், விலை உயர்ந்த சர்வதேசத் தரவுத்தளங்களில் கிடைப்பது குறைவு. இதற்கு இலவச வழிகள் உண்டு.

• சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி': 1845 முதலான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழும், தமிழ் முரசு உள்ளிட்ட பழைய இதழ்களும் மின்வடிவில் உள்ளன. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதும், அதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் அன்றைய நாளிதழ்களில் எப்படி வந்தன என்று பார்க்கலாம். சில பிற்காலப் பக்கங்களை அங்குள்ள நூலகத்துக்குப் போய்த்தான் படிக்க முடியும்.

• தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், இலங்கையின் நூலகம் திட்டம், மதுரைத் திட்டம்: தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும்.

• சோத்கங்கா: இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளுக்கு.

• மலாயாப் பல்கலைக்கழக நூலகம்: 1956 முதல் அங்கு இந்திய ஆய்வியல் துறை இயங்கி வருகிறது. நூலகத்தில் தமிழ் நூல்களும் உண்டு. நேரில் செல்ல வேண்டியிருக்கும்.

• கோலாலம்பூரில் உள்ள மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம்: தோட்டம், தொழிலாளர் தொடர்பான அரசுக் கோப்புகளுக்கு.

பக்கத்திலேயே இருப்பவற்றையும் மறக்க வேண்டாம். ஈப்போவில் துன் ரசாக் நூலகம், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவை இருக்கின்றன. வெளியாருக்கான விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், போகும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

மலேசியாவில் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் எம்.க்யூ.ஏ அமைப்பு, கல்வி வளங்களையும் ஒரு பிரிவாக மதிப்பிடுகிறது. ஆனால் அங்கீகாரம் என்பது குறைந்தபட்சத் தகுதிக்கான முத்திரைதான். மற்றதை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. என் பிள்ளை யாருடைய மாணவராகப் பதிவாகிறார்? உள்ளூர் கல்லூரியா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமா?

2. தாய் வளாகத்தின் எந்தெந்தத் தரவுத்தளங்கள் இங்கே திறக்காது? 'எல்லாம் கிடைக்கும்' என்று சொன்னால், அந்தத் துறையின் முக்கிய இதழ் ஒன்றைப் பெயர் சொல்லி, திறந்து காட்டச் சொல்லுங்கள்.

3. வளாகத்துக்கு வெளியே, வீட்டிலிருந்தும் திறக்குமா?

4. கிடைக்காத நூலைத் தாய் வளாகத்திலிருந்து வரவழைக்க முடியுமா? அத்தியாயத்தை ஸ்கேன் செய்து அனுப்புவார்களா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?

5. படிப்பு முடிந்த பிறகு என்ன ஆகும்? பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ கணக்கு மூடப்படும். முன்னாள் மாணவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் ஒரு சிறு பகுதியை மட்டும் தொடர்ந்து தருகின்றன.

இந்தக் கேள்விகளைச் சேர்க்கைப் பிரிவில் கேட்பதைவிட நூலகரிடம் கேட்பது நல்லது. எது இருக்கிறது, எது இல்லை என்று சரியாகத் தெரிந்தவர் அவர்தான். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களும் கேட்கலாம். ஒரு தரவுத்தளம் திறக்கவில்லை என்றால் பேசாமல் இருந்துவிடாதீர்கள், எழுதிப் புகார் கொடுங்கள். அடுத்த ஆண்டு எதற்குச் சந்தா கட்டுவது என்று முடிவு செய்யும்போது, எத்தனை மாணவர் கேட்டார்கள் என்பதையும் நூலகங்கள் கணக்கில் எடுக்கின்றன. கேட்பவர் யாருமே இல்லாத தரவுத்தளத்துக்காக யாரும் பதிப்பகத்துடன் பேரம் பேச மாட்டார்கள்.