கவையின் ஓசையா, மேஜையின் ஓசையா?

ஒலியைப் பற்றிப் பாடம் நடத்தும்போது வகுப்பில் ஒரு சிறு வேடிக்கை செய்து காட்டுவது நமது வழக்கம். இசைக்கவை ஒன்றை ரப்பர்க் கட்டையில் தட்டிக் கையில் தூக்கிப் பிடிப்போம். முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏதோ ரீங்காரம் கேட்கும். கடைசி வரிசையில் உள்ளவர்கள் ஒன்றும் கேளாமலே மரியாதைக்காகத் தலையை ஆட்டுவார்கள். பிறகு கவையின் காம்பை மேஜைமேல் ஊன்றுவோம். உடனே அறை முழுவதும் நாதம் நிரம்பும். கடைசி வரிசையும் விழித்துக்கொள்ளும்.

ஒரு சமயம் ஒரு பையன் எழுந்து நின்று, "ஸார், இப்போது கேட்பது கவையின் ஓசையா, மேஜையின் ஓசையா?" என்று கேட்டான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை; பதிலும் வரவில்லை. நாளைக்குச் சொல்வதாகச் சமாளித்தோம். 'நாளைக்கு' என்னும் சொல் உபாத்தியாயர்களுக்கென்றே பகவான் அருளிய வரம் அல்லவா?

அந்தக் கேள்வி பள்ளிக்கூடத்தோடு நிற்கும் கேள்வியல்ல. வீட்டில் சங்கீதம் கேட்பதற்கென்று உயர்ந்த ஒலிபெருக்கிகளை வாங்கி வைத்து, அவற்றைப் பெற்ற பிள்ளையைப்போல் பாராட்டிச் சீராட்டும் ஹை-பை அன்பர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எந்தப் பெட்டி உயர்ந்தது என்று இரண்டு அன்பர்கள் வாதாடத் தொடங்கினால் விடிந்தாலும் ஓயாது. அந்த வாதம் முழுவதையும் பிழிந்து எடுத்தால் மிஞ்சுவது நமது பையனின் கேள்விதான். நாம் கேட்பது பாடகரின் குரலையா, பெட்டியின் குரலையா?

இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள ஒலிபெருக்கிகளின் முன்னோர் 1925-ஆம் வருஷத்தில் பிறந்தவர் எனலாம். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் அந்த ஆண்டில் அதன் தத்துவத்தை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு காகிதக் கூம்பு. அதன் அடியில் ஒரு கம்பிச் சுருள். சுருளைச் சூழ்ந்து ஒரு காந்தம். பாட்டுக்குத் தக்கபடி மின்சாரம் சுருளில் ஏறி இறங்க, கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. காரியம் இவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டு அலைகளும் ஓரத்தில் சுற்றி வந்து கலந்தால், ஒன்றை ஒன்று அழித்துவிடும். கீழ் ஸ்தாயி ஸ்வரங்களுக்கே இந்த ஆபத்து அதிகம். விநாடிக்கு 40 தடவை அதிரும் ஓசையின் அலை ஏறக்குறைய எட்டரை மீட்டர் நீளம் உள்ளது. ஆகையால் முன்னலையையும் பின்னலையையும் பிரித்து வைக்கப் பெட்டி வேண்டும். கீழ் ஸ்தாயி கம்பீரமாய் ஒலிக்க வேண்டுமானால் பெரிய பெட்டி வேண்டும். 1946-இல் பால் கிளிப்ஷ் என்பவர் அர்க்கன்ஸா மாகாணத்தில் ஹோப் என்னும் ஊரில் செய்யத் தொடங்கிய 'கிளிப்ஷ்ஹார்ன்' நாலடிக்கு மேல் உயரம். அறையின் மூலையையே தனக்கு ஓர் உறுப்பாக ஆக்கிக்கொள்வது. அதன் ஓசையில் மனத்தைப் பறிகொடுத்தவர்கள் இன்றும் பலர். ஆனால் இரண்டு மூலைகளும் போதிய இடமும் உள்ள வீடு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இந்த இடத்தில்தான் நமது தொழிலைச் சேர்ந்த ஒருவர் வந்து சேருகிறார். எட்கர் வில்ச்சர் 1917-இல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாவது உலக யுத்தத்தில் ராணுவத்தில் சேர்ந்து மின்னணுக் கருவிகளைப் பழுது பார்க்கக் கற்றார். யுத்தம் முடிந்தபின் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்தார். நியூயார்க் சர்வகலாசாலையில் ஒலியை மீட்டுத் தரும் சாஸ்திரத்தைப் பற்றி வகுப்பும் நடத்தினார்.

அவர் கண்ட குறை இது. கூம்பை அதன் இடத்துக்கு மீட்டுக் கொண்டுவர ஒரு வில் தேவை. அந்நாள் ஒலிபெருக்கிகளில் கூம்பின் விளிம்பே விறைப்பாக இருந்து வில்லின் வேலையைச் செய்தது. சிறிது அசையும்போது அது ஒழுங்காக நடந்துகொள்ளும். அதிகம் அசைந்தால் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டே பாட்டில் கலக்கும் கோளாறு. வில்ச்சர் விளிம்பை மிகத் தளர்வாக்கினார். பெட்டியைச் சிறிதாக்கிக் காற்றுப் புகாமல் மூடினார். உள்ளே சிறைப்பட்ட காற்றே வில்லாயிற்று! சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பார்த்த எந்தப் பையனுக்கும் காற்று எப்படித் திருப்பித் தள்ளும் என்பது தெரியும். துணியையும் காகிதத்தையும் காட்டிலும் காற்று ஒழுங்கான வில். பெட்டி சிறுத்ததனால் ஓசை குன்றவில்லை. கீழ் ஸ்வரங்கள் முன்னிலும் தெளிந்தன.

அவருடைய வகுப்பில் படித்த ஹென்றி கிளாஸ் என்பவரையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, மஸாசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜில் 1954-இல் அக்கூஸ்டிக் ரிஸர்ச் என்னும் கம்பெனியை ஆரம்பித்தார். முதல் ஒலிபெருக்கிக்கு ஏஆர்-1 என்று பெயர். 1958-இல் ஏஆர்-3 வெளிவந்தது. 25 அங்குல நீளம், 14 அங்குல அகலம், 11 அங்குலத்துக்குச் சற்று அதிகமான ஆழம். புத்தக அலமாரியின் ஒரு தட்டில் வைத்துவிடலாம். மேல் ஸ்தாயிக்கென்று சிறு குமிழ் வடிவமான உறுப்புக்களை இதில் அமைத்தார். இன்று நாம் கடையில் காணும் ஒலிபெருக்கிகள் பலவற்றிலும் அந்தக் குமிழின் வாரிசைப் பார்க்கலாம்.

குறை இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. மூடிய பெட்டிக்கு மின்சாரப் பசி அதிகம். பலமான ஆம்ப்ளிபையர் இல்லாவிட்டால் அது வாய் திறக்காது. ஏஆர்-3-இன் மேல் ஸ்தாயி சற்று அடக்கமானது என்று குறைப்படும் அன்பர்களும் உண்டு. பழைய பெட்டியை வாங்குகிறவர்கள், ஓசை அளவைத் திருத்தும் குமிழ்கள் உள்ளே களிம்பேறியிருப்பதைக் கண்டு, திறந்து துடைத்துப் புதுப்பிக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதில் செலவழித்துவிட்டு, மாலையில் நாலு தந்தி வாத்தியங்களின் கச்சேரியை அதில் கேட்கும் மனிதருக்கு உண்டாகும் ஆனந்தத்தை நாம் அலட்சியம் செய்யமாட்டோம்.

ஆனால் வில்ச்சரிடம் நமக்கு உள்ள மதிப்பு பெட்டியினால் மட்டும் ஏற்பட்டதல்ல. அவர் தம் சரக்கைப் பரீட்சைக்கு உட்படுத்திய விதத்தினால் ஏற்பட்டது. பாடகரையும் இயந்திரத்தையும் ஒரே மேடையில் நிறுத்தி ஒப்பிட்டுக் காட்டும் வழக்கம் எடிஸன் காலத்திலேயே, 1915 முதல், உண்டு. இங்கிலாந்தில் வார்ப்டேல் கம்பெனியின் கில்பர்ட் பிரிக்ஸும் 1954-இல் லண்டன் ராயல் பெஸ்டிவல் மண்டபத்தில் அவ்விதம் செய்தார். அக்கூஸ்டிக் ரிஸர்ச் கம்பெனியார் பைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்னும் நால்வர் குழுவை மேடையில் அமர்த்தினார்கள். வித்வான்கள் சிறிது நேரம் வாசிப்பார்கள். பிறகு வில்லைத் தந்தியில் படாமல் அசைத்துக்கொண்டிருக்க, முன்பே பதிவு செய்த அதே இசை ஒலிபெருக்கியிலிருந்து வரும். எந்த இடத்தில் மாறிற்று என்று சபையோர் சொல்ல வேண்டும். பலரால் சொல்ல முடியவில்லை.

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அந்தக் கம்பெனி ஓர் அறை வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம். அங்கே விற்பனை மட்டும் கிடையாது! வாங்குவதற்காகக் கேட்பது வேறு, கேட்பதற்காகவே கேட்பது வேறு என்பதை இவ்வளவு மரியாதையாக எடுத்துச் சொன்ன வியாபாரியை நாம் கண்டதில்லை.

காற்று வில்லுக்கு 1956-இல் வில்ச்சர் பேடண்ட் உரிமை பெற்றார். வேறொரு கம்பெனி வழக்குத் தொடுத்தது. அதே கருத்தைத் தழுவிய பழைய பேடண்ட் ஒன்று இருப்பதாகச் சொல்லி, நீதிமன்றம் அவருடைய உரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவர் மேல் முறையீடு செய்யவில்லை. ஊரில் உள்ள கம்பெனிகளெல்லாம் மூடிய பெட்டி செய்யத் தொடங்கின; விலையும் அளவும் குறைந்து, நல்ல ஓசை சாதாரணக் குடும்பத்தின் கூடத்துக்கும் வந்தது.

1967-இல் கம்பெனியை விற்றபின் அவர் சும்மா இருக்கவில்லை. காது மந்தமானவர்களின் கருவியை எடுத்துக்கொண்டார். அவர்களுக்கு மெல்லிய ஓசை கேட்பதில்லை. உரத்த ஓசையோ நம்மைப் போலவே காதைத் துளைக்கிறது. ஆகையால் எல்லாவற்றையும் ஒரே அளவாகப் பெருக்கினால் பயன் இல்லை. ஒலியைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெல்லியதை அதிகமாகவும் உரத்ததைக் குறைவாகவும் பெருக்கும் முறையை ஆராய்ந்து 1973-இல் வெளியிட்டார். இம்முறை அதற்குப் பேடண்ட் வாங்கவே இல்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 2011-இல் தமது 94-ஆம் வயதில் அவர் காலமானார். இன்று காதுக் கருவி அணிந்துகொண்டு பேரக் குழந்தையின் மழலையைக் கேட்கும் பாட்டிமாருக்கு அவர் பெயர் தெரிந்திராது.

வீட்டுக்கு ஒலிபெருக்கி வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு நமது யோசனை ஒன்றுதான். கடைக்காரர் போட்டுக் காட்டும் இடிமுழக்கத்தைக் கேட்டு மயங்க வேண்டாம். வருஷக்கணக்காக உங்கள் செவியில் பழகிய ஒரு குரலின் பதிவைக் கையோடு கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பெட்டி இருக்கும் இடம் மறந்து, பாடுகிறவர் மட்டும் எதிரே இருந்தால் அதை வாங்குங்கள். விலை குறைவாயிருந்தால் வெட்கப்பட வேண்டாம்.

அந்தப் பையனுக்கு மறுநாள் பதில் சொன்னோம்: "மேஜை இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்காது. ஆனால் மேஜையும் தன் குரலைக் கொஞ்சம் சேர்க்கத்தான் செய்கிறது. எவ்வளவு குறைவாகச் சேர்க்கிறதோ, அவ்வளவு நல்ல மேஜை." பையன் யோசித்தான். பிறகு, "உபாத்தியாயர்களுக்கும் அப்படித்தானா, ஸார்?" என்றான். வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை நாமும் சிரித்தோம்.