கான்ட்ராவுக்கு ரெண்டு பேர் வேணும்

டி.வி.யில் மாட்டி விளையாடும் கேசட் கேமில் கான்ட்ரா தெரியுமா? வீட்டு அண்ணன்களைக் கேளுங்க. 1987-ல் ஜப்பானின் கோனாமி கம்பெனி கொண்டுவந்தது. அதில் அருவி வருமே, அதுதான் எனக்கு உசிரு. ஒருத்தர் வேகமா ஏறினால் திரையும் கூடவே ஏறும். கீழே நிற்பவர் அவுட்! அதனால் மற்றவருக்காக நின்று நின்றுதான் ஏறணும். (என் அண்ணன் நிற்கவே மாட்டான், அது வேற கதை.)

2019-ல் வந்த ரோக் கார்ப்ஸில் மேலேயிருந்து பார்ப்பது போல் மாற்றினார்கள். பழைய ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. 2024-ல் ஆபரேஷன் கலுகா பழைய வழிக்கே திரும்பியது. சபாஷ்!

படத்தை எவ்வளவு வேணும்னாலும் பளபளப்பாக்கட்டும். ஆனால் இனி வரும் கான்ட்ராவிலும் ஒரே டி.வி. முன்னாடி ரெண்டு பேர் உட்காரணும். ஆளுக்கொரு செல்போனில் தனித்தனியா ஆடுகிற கான்ட்ரா எங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி